அம்மாவின் போன், பிள்ளையின் கையில்

பள்ளி விட்டு வந்து, சாக்ஸைக் கழற்றும் முன்பே கை நீளும். "அம்மா, போன் குடு. குரூப்ல ஹோம்வொர்க் போட்டிருப்பாங்க." நீங்களும் கொடுப்பீர்கள். ஹோம்வொர்க் உண்மையிலேயே அதில்தான் வருகிறது. எழுதி முடிக்க இருபது நிமிடம் போதும். போன் உங்கள் கைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நம்மில் பலர் வீட்டில் பிள்ளைக்கென்று தனி போன் கிடையாது. அம்மாவின் போன்தான் பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், சினிமா கொட்டகை எல்லாம். அதே போனில்தான் வங்கிக் கணக்கு, ஜிபே, ஆதார் அட்டையின் படம், மகளிர் குழு வரவு செலவு, சொந்தக்காரர்கள் குரூப் ஆகியவையும் இருக்கின்றன. பிள்ளை தெரியாமல் தொடக்கூடாததைத் தொட்டுவிடலாம். வெளியே இருக்கும் யாரோ ஒருவர் அந்தப் போன் வழியாக உங்கள் பிள்ளையிடம் வந்துவிடலாம். இந்த அத்தியாயம் இரண்டுக்கும் சேர்த்து எழுதியது.

முதல் பகுதி ஒரு மணி நேர வேலை. அடுத்தது பிள்ளையிடம் பேச வேண்டிய பேச்சு. கடைசிப் பகுதி, மிரட்டல் வந்துவிட்டால் செய்ய வேண்டியது. கடைசிப் பகுதியை இன்றே ஒருமுறை படித்து வையுங்கள். அது நடக்கிற நாளில் புத்தகத்தைத் தேடும் நிலையில் யாரும் இருக்க மாட்டோம்.

போனைத் தயார் செய்வது

ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல நேரம். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள். பின் நம்பர் போடும்போது மட்டும் திரும்பிக்கொள்ளச் சொல்லுங்கள். மறைவாகச் செய்து வைத்தால், "அம்மா என்னை நம்பல" என்பதுதான் அவர்கள் மனதில் நிற்கும்.

கீழே சொல்லியிருப்பது ஆண்ட்ராய்டு போனுக்கு. மெனுக்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்று கண்ணில் படவில்லை என்றால், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

1. ஸ்கிரீன் லாக்கை மாற்றுங்கள். பிறந்த தேதி, வண்டி நம்பர், 1234 எதுவும் வேண்டாம்.

2. கைரேகைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பிள்ளையின் விரலையும் பதிந்து வைத்திருப்பார்கள். போனைத் திறக்கும் அதே விரல் வங்கி ஆப்பையும் திறக்கும். இப்போது சில யுபிஐ ஆப்களில் கைரேகை வைத்தே பணம் அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. உங்கள் விரல் தவிர மற்றதை அழித்துவிடுங்கள்.

3. யுபிஐ பின்னை மாற்றுங்கள். கடையில் கை நிறையப் பையோடு நிற்கும்போது "நீயே ஸ்கேன் பண்ணி அனுப்பிடு கண்ணு" என்று நாமே அந்த நம்பரைச் சொல்லியிருப்போம். யுபிஐ லைட் போட்டிருந்தால் சிறு தொகைகளுக்கு பின்னே கேட்காது என்பதையும் கவனியுங்கள். பிள்ளை புழங்கும் போனில் அது தேவையில்லை. முடிந்தால் யுபிஐயை, செலவுக்கு மட்டும் பணம் போட்டு வைக்கும் கணக்கோடு இணையுங்கள்.

4. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் உள்ளே போங்கள். அங்கே இரண்டு வேலை. ஒவ்வொரு முறை எதையாவது வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்பதை ஆன் செய்து, வயதுக்கேற்ற அளவைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தனியாக ஒரு பின் போடுங்கள். சேமித்து வைத்த கார்டு விவரம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

5. லாக் ஆகியிருக்கும் திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். ஓடிபி அங்கேதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

6. வாட்ஸ்அப்பில் மூன்று மாற்றங்கள். படமும் வீடியோவும் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். வந்த படங்கள் கேலரியில் தெரியும் வசதியை அணையுங்கள். பிரைவசிக்குள் போய், உங்கள் கான்டாக்டில் இருப்பவர்கள் மட்டுமே உங்களை குரூப்பில் சேர்க்கலாம் என்று வையுங்கள்.

ஆறாவதைப் பலர் சாதாரணமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் பார்க்கக்கூடாததைப் பார்ப்பது எங்கோ தேடிப் போய்த்தான் என்று நினைக்கிறோம். விபத்தில் சிதைந்த உடல், ஆபாச ஜோக், யாரையோ கட்டி வைத்து அடிக்கும் வீடியோ எல்லாம் நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலேயே வருகின்றன. காலை வணக்கம் பூப்படத்துக்கு அடுத்த படமாக அவை கேலரியில் உட்கார்ந்திருக்கின்றன. ஹோம்வொர்க் படத்தைத் தேடுகிற ஏழு வயதுப் பிள்ளை அதைத் தாண்டித்தான் போகிறது.

7. ஆதார், பாஸ்புக், கார்டு படங்களை லாக்டு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். கூகுள் போட்டோஸில் அந்த வசதி இருக்கிறது.

8. செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜர் என்பதைத் திறந்து, கேமரா, மைக், லொகேஷன் ஒவ்வொன்றையும் எந்தெந்த ஆப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். டார்ச் ஆப்புக்கு மைக் எதற்கு? இது எதற்கு இங்கே என்று தோன்றும் ஆப்பை நீக்கிவிடுங்கள்.

9. ஆப் பின்னிங் என்ற வசதியை ஆன் செய்து, வெளியேறும்போது பின் கேட்கும்படி வையுங்கள். ஆன்லைன் வகுப்புக்காகப் போனைக் கொடுக்கும்போது அந்த ஆப்பைப் பின் செய்து கொடுத்தால், உங்கள் பின் இல்லாமல் வேறு ஆப்புக்குப் போக முடியாது. யூடியூபைப் பின் செய்தால் யூடியூபுக்குள் எங்கும் சுற்றலாம் என்பதை மறக்க வேண்டாம்.

குறிப்பு: இந்த ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் 2, 3, 6 மூன்றையும் முதலில் செய்யுங்கள்.

பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது

அப்பா புதுப் போன் வாங்குவார். பழையது பிள்ளைக்கு வரும். உள்ளே அப்பாவின் ஜிமெயில், அப்பாவின் பேஸ்புக், அப்பாவின் தேடல் வரலாறு எல்லாம் அப்படியே இருக்கும். கொடுக்கும் முன் போனை முழுதாக அழித்து, புதுப் போன் போல் ஆக்குங்கள். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. பிள்ளையின் பெயரில் கூகுள் கணக்கு திறங்கள். பிறந்த தேதியை உள்ளபடியே கொடுங்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கணக்கோடு இணைக்கச் சொல்லிக் கேட்கும். உங்கள் ஜிமெயிலைக் கொடுங்கள்.

2. உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போடுங்கள். கூகுளின் இலவச ஆப்தான்.

3. புது ஆப் எதைப் போட்டாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள்.

4. இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் லாக் ஆகும்படி நேரம் வையுங்கள். ஒன்பதா, ஒன்பதரையா என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள்.

5. சார்ஜர் படுக்கையறையில் வேண்டாம். ஹாலில் ஒரே இடத்தில் வீட்டுப் போன்கள் எல்லாம் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்.

அடிக்கடி நடக்கும் தவறு: வயதைக் கூட்டிப் போடுவது. போன் கடைக்காரர் அவசரத்தில் ஏதோ ஒரு வருடத்தைத் தட்டிவிடுவார். அல்லது பெரியப்பா மகன் "அப்பத்தான்டா எல்லா ஆப்பும் வேலை செய்யும்" என்று 1995 போட்டுக் கொடுப்பான். அன்றிலிருந்து அந்தப் பத்து வயதுப் பிள்ளையை ஒவ்வொரு ஆப்பும் முப்பது வயது ஆளாகவே நடத்தும். பெரியவர்களுக்கான விளம்பரம் வரும், பெரியவர்களுக்கான வீடியோ வரும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்பவும் வழி இருக்கும். ஏற்கெனவே கணக்கு இருந்தால், இன்றே அதில் பிறந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

யூடியூப்

எட்டு வயது வரை யூடியூப் கிட்ஸ் ஆப் போதும். அதிலும் தேடல் வசதியை அணைத்துவிடலாம். அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு ஃபேமிலி லிங்க் வழியாகவே யூடியூபில் எந்த வயதுக்கான வீடியோக்கள் என்று வரம்பு வைக்கலாம். ஆட்டோபிளேயை அணையுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் திரை சும்மா நிற்பதே பிள்ளை எழுந்து போக ஒரு வாய்ப்பு.

வாரம் ஒருமுறை ஹிஸ்டரியை இருவரும் சேர்ந்து பாருங்கள். "இது என்ன கண்டறாவி?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த வாரத்துல எது ரொம்பப் பிடிச்சுது, காட்டு" என்று ஆரம்பியுங்கள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவையும் கண்ணில் பட்டுவிடும்.

இன்ஸ்டாகிராம்

13 வயதுக்கு முன் இன்ஸ்டாவில் கணக்கு திறக்க அந்தக் கம்பெனியின் விதியே இடம் கொடுக்காது. "என் கிளாஸ்ல எல்லாரும் வெச்சிருக்காங்க" என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கை நீங்கள் நாள் முழுக்கக் கண்காணிக்க முடியாது.

13 முதல் 17 வயதுள்ளவர்களின் கணக்குகளை இன்ஸ்டா டீன் அக்கவுண்ட் என்று தனியாக வைத்திருக்கிறது. இந்தியாவில் இது 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த வருடத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இதில் ஒன்றும் கிடைக்காது என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

பாலோயர் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: "இவங்களை நேர்ல பார்த்திருக்கியா?" இல்லை என்றால் நீக்கிவிடலாம்.

பெற்றோர் நாமே போடும் படங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பிள்ளையைப் பற்றிய விவரங்களைப் பெரும்பாலும் வெளியே கொண்டுபோய்ப் போடுவது நாம்தான். முதல் நாள் பள்ளிக்குப் போகும் படத்தில் சீருடையும் பேட்ஜும் தெரிகிறது, பின்னால் வேன் நம்பர் தெரிகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மகிழ்ச்சியில் மதிப்பெண் பட்டியலை அப்படியே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பதிவெண், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பள்ளி எல்லாம் ஒரே படத்தில் போய்விடுகிறது.

மஞ்சள் நீராட்டு விழா படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் படம், பெயர், ஊர், அவள் பெரியவளான செய்தி நான்கையும் சேர்த்து ரீல்ஸாகப் பொதுவில் போடுகிறார்கள். விழா எடுப்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். அதை யார் யார் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதும் இல்லை. போட்டோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, எங்க பொண்ணு படத்தை உங்க பேஜ்ல போடக் கூடாது." ஏற்கெனவே போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விளையாட்டுகள்

விளையாட்டைவிட, அதற்குள் இருக்கும் சாட்டும் வாய்ஸும்தான் கவனிக்க வேண்டியவை. முடிந்தவரை அவற்றை அணையுங்கள். அல்லது நண்பர்களோடு மட்டும் பேசும்படி வையுங்கள். "இலவச டைமண்ட்" என்று வரும் லிங்க் எல்லாம் மோசடி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பிள்ளை மனதில் நன்றாகப் பதிய வேண்டியது வேறு: விளையாட்டில் பழகிய ஆள் "வாட்ஸ்அப்புக்கு வா", "இன்ஸ்டா ஐடி குடு" என்று வேறு இடத்துக்குக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். கூப்பிட்டதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும்.

பிள்ளையிடம் என்ன பேசுவது

பூட்டு எல்லாம் போட்ட பிறகும் பிள்ளை நண்பன் போனில் பார்க்கும், டியூஷனில் பார்க்கும். அங்கே உங்கள் பின் நம்பர் இல்லை. பிள்ளை வந்து சொன்னால் மட்டுமே உங்களுக்குத் தெரியும். ஆகவே பேச்சின் நோக்கம் பயமுறுத்துவதாக இருக்கக் கூடாது. வந்து சொல்லும் வழியைத் திறந்து வைப்பதாக இருக்க வேண்டும்.

எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் விசாரணை போல் ஆகிவிடும். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது பேசுங்கள்.

ஆறு முதல் ஒன்பது வயதுக்கு: "போன்ல பாக்கறப்ப பயமா இருந்தாலோ, ஒரு மாதிரி அசிங்கமா இருந்தாலோ, போனைக் கவுத்து வெச்சுட்டு அம்மாகிட்ட ஓடி வந்துடு. திட்ட மாட்டேன்."

பத்து முதல் பன்னிரண்டுக்கு: "உன் படம், நம்ம வீட்டு இடம், ஸ்கூல் பேரு இதெல்லாம் யார் கேட்டாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும். யாராவது 'வீட்ல சொல்லாதே'ன்னு சொன்னா, அதைத்தான் முதல்ல வந்து சொல்லணும்."

பதின்மூன்றுக்கு மேல் இன்னும் வெளிப்படையாகப் பேசலாம். ஏமாற்றுபவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் புகழ்வார்கள். பிறகு வீட்டில் யாரும் உன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்பார்கள். ரீசார்ஜ் செய்து கொடுப்பார்கள், விளையாட்டில் ஏதாவது வாங்கித் தருவார்கள். நமக்குள் இருக்கட்டும் என்பார்கள். சாதாரணப் படம் கேட்பார்கள், பிறகு வேறு மாதிரிப் படம். அது கையில் கிடைத்ததும் மிரட்டல். எதிரில் பேசுவது பெண் பெயரில், பெண் படத்தோடு இருக்கலாம். ஆண் பிள்ளைகள் இதில் நிறையச் சிக்குகிறார்கள். "பையன்தானே, அவனுக்கு என்ன" என்று விட்டுவிட வேண்டாம்.

அதோடு இந்த ஒரு வாக்குறுதியைக் கொடுத்து வையுங்கள்: "நீயே தப்புப் பண்ணியிருந்தாலும் என்கிட்ட வந்து சொன்னா, அதுக்காகப் போனைப் புடுங்க மாட்டேன்." கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது.

என் அக்கா மகன் அப்போது எட்டாம் வகுப்பு. விளையாட்டில் பழகிய ஓர் "அண்ணா" அவனிடம் படம் ஒன்றை வாங்கி, ஐயாயிரம் ரூபாய் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தான். பையன் பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பான். ஒரு வாய் உள்ளே போகாது. காய்ச்சல் வரப்போகிறது என்று அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள், டானிக் வாங்கிக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் மொட்டை மாடியிலிருந்து எனக்கு போன் செய்தான். முதலில் அவன் வாயிலிருந்து வந்தது: "சித்தி, இதைச் சொன்னா அம்மா போனைப் புடுங்கிடுவாங்களா?" மிரட்டல் விஷயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்தப் பதினோரு நாளும் மிரட்டியவனுக்குத் துணையாக இருந்தது எங்கள் குடும்பத்தின் கோபம்தான் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கவனிக்க: நீங்கள் அறைக்குள் வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பது, நள்ளிரவில் விழித்திருப்பது, சாப்பாடு குறைவது, காரணம் சொல்லாமல் பணம் கேட்பது, பள்ளிக்குப் போகத் திடீரென்று மறுப்பது. ஒன்று மட்டும் இருந்தால் வளரும் வயதின் இயல்பாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால்

வரிசை முக்கியம். இப்படியே செய்யுங்கள்.

1. முதலில் சொல்ல வேண்டியது: "சொன்னது நல்லதாப் போச்சு. இனி நாங்க பாத்துக்கறோம்." ஏன் அனுப்பினாய், எத்தனை அனுப்பினாய் என்ற கேள்விகள் இப்போது வேண்டாம். "நான் எதுவுமே அனுப்பல" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். சாதாரண டிபி படத்தை வைத்தே ஏஐ மூலம் ஆபாசப் படம் செய்துவிடுகிறார்கள்.

2. பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் இந்த வீட்டில் பணம் கிடைக்கும் என்று தெரிந்துவிடும்; அடுத்த நாள் தொகை கூடும். பதில் எழுதவும் வேண்டாம். அப்பாவோ மாமாவோ போன் செய்து "யார்டா நீ" என்று கத்தவும் வேண்டாம். அவன் ஐடியை அழித்துவிட்டுப் போனால் ஆதாரமும் போய்விடும்.

3. ஆதாரம் எடுங்கள். எதிராளியின் ஐடி, புரொபைல் பக்கம், போன் நம்பர், பணம் கேட்ட யுபிஐ ஐடி, மிரட்டிய வரிகள், தேதி, நேரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். பிள்ளையின் கணக்கை அழிக்காதீர்கள்.

4. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது; யாருக்கும் அனுப்பவும் கூடாது. வக்கீலுக்கும், சொந்த அண்ணனுக்கும்கூட. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவிலும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திலும் குற்றம். இறக்கிப் பார்ப்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமாகும் என்று, சென்னை உயர் நீதிமன்றம் வழங்கியிருந்த ஒரு தீர்ப்பை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. படம் போனில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். தாமதிக்காமல் போனையே போலீசிடம் காட்டுங்கள்.

5. ஆதாரம் எடுத்து முடித்த பிறகு, அந்த ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். பலர் பயத்தில் முதலிலேயே பிளாக் செய்துவிட்டு, பின்னர் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

6. 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே நேரடியாகவும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பணம் போயிருந்தால் 1930க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, போன பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

7. மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பெயரும் நம்பரும் கொடுத்துப் பதிந்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியும்.

8. படம் பரவிவிடும் என்ற பயம் இருந்தால், 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் ஒரு அமைப்பு நடத்துகிறது. படத்தை நீங்கள் அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து கைரேகை போல ஓர் எண் உங்கள் போனிலேயே உருவாகும். அந்த எண் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டா போன்ற தளங்களுக்குப் போகும். அங்கே யாராவது அந்தப் படத்தைப் போட்டால் அதை வைத்துக் கண்டுபிடித்து நீக்குவார்கள். வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த சாட்டுகளுக்குள் இது வேலை செய்யாது.

9. அன்று இரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள். பெரிய பையனாக இருந்தாலும் பக்கத்தில் பாயைப் போடுங்கள். மனம் மிகவும் உடைந்திருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செய்யக் கூடாத இன்னும் இரண்டு உண்டு. "ஹேக்கர் ஒருத்தர் எனக்குத் தெரியும், அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடுவார்" என்று யாராவது வருவார்கள். அந்த ஆள் கையில் பிள்ளையின் கணக்கைக் கொடுப்பது அடுத்த மிரட்டலுக்கு வழி. மிரட்டியவனின் படத்தைத் தெரு குரூப்பில் போட்டு "இவனைத் தெரியுமா" என்று கேட்கவும் வேண்டாம். மறுநாள் காலை எல்லோரும் கேட்கப்போவது உங்கள் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்றுதான்.

போலீஸ் ஸ்டேஷன் என்றதும்

"ஸ்டேஷன் ஏறினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்ற பயத்தில்தான் பாதிப் புகார்கள் வீட்டோடு நின்றுவிடுகின்றன. சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்யச் சொல்லலாம். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குவதற்குத் தயங்காதீர்கள்.

செய்தவர் தெரிந்தவராக இருக்கலாம். டியூஷன் சார், வேன் டிரைவர், சொந்தத்தில் ஒரு அண்ணன். அப்போது "பேசித் தீர்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது என்று அவர்களிடம் சொல்லுங்கள். பள்ளியோடு தொடர்புடையதாக இருந்தால், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

ஒட்டி வைக்க ஒரு காகிதம்

பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லி, ஃபிரிட்ஜ் கதவிலோ அலமாரிக்கு உள்பக்கமோ ஒட்டுங்கள். 1098, 1930, 112, 14417, 14416. கீழே வீட்டுக்கு வெளியே பிள்ளை நம்பும் ஒருவரின் பெயரும் நம்பரும். அது யார் என்று பிள்ளையே சொல்லட்டும். சித்தியோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாரைச் சொன்னாலும் "ஏன் என்கிட்ட சொல்ல மாட்டியா" என்று கேட்காதீர்கள். அந்த ஆளிடம் மட்டும் முன்கூட்டியே பேசி, இந்தப் பக்கங்களைப் படித்து வைக்கச் சொல்லுங்கள்.

புதுப் போன் வாங்கும்போதும், பெரிய அப்டேட் வந்த பிறகும் மேலே சொன்ன ஒன்பது படிகளையும் திரும்பப் பாருங்கள். சில செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போயிருக்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. அங்கே தாத்தா மதியம் தூங்கும்போது அவர் போன் திண்ணையில்தான் கிடக்கும். லாக் இருக்காது, பேரப்பிள்ளைகள் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஏற்றிவிடப் போகும் நாளிலேயே, காபி குடித்துக்கொண்டு, அந்தப் போனிலும் முதல் படியிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள்.